இரண்டாம் எந்திரத்துக்குப் போகாத தண்ணீர்

தண்ணீர்க்காரம்மா என்றால்தான் அந்தச் சாய ஆலையில் அவரைத் தெரியும். துணிகளை நனைத்து வெளியேறும் கறுத்த நீரைத் தொட்டி தொட்டியாகத் தெளியவைத்து, வடிகட்டி, உப்பை நீக்கி, மறுபடியும் அதே எந்திரங்களுக்கு அனுப்புவது பதினாறு ஆண்டுகளாக அவர் வேலை. நூறு குடம் போனால் தொண்ணூறு குடம் திரும்பி வரும். அதில் அவருக்குக் கர்வம் உண்டு. அதை மறைக்கவும் மாட்டார்.

சனிக்கிழமை காலையில் மேலாளர் கூப்பிட்டனுப்பினார். மேசையின் மீது இளமஞ்சள் துணி ஒன்று விரிந்து கிடந்தது; அம்மை கண்டதுபோல அதில் எங்கும் புள்ளிகள். பக்கத்தில் சாய மாஸ்டர் கைகட்டி நின்றார்; கதவருகே நாலைந்து தொழிலாளிகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வியாழக்கிழமை ரெண்டாம் மெஷின்ல போட்டது. வெளிர் நிறத்துக்கு இந்தச் சாக்கடைத் தண்ணி ஆகாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாங்களா?" என்றார் மாஸ்டர்.

"இன்னைக்கு மத்தியானத்திலேர்ந்து லாரித் தண்ணிதாம்மா. உங்க தண்ணியை வடிகால்ல விட்டுடுங்க" என்று மேலாளர் முடித்துவிட்டார்.

லாரிகள் எங்கே நிரப்புகின்றன என்பதைத் தண்ணீர்க்காரம்மா அறிவார். அவர் வீட்டுத் தெருக்கோடியில் உள்ள ஆழ்துளைக் கிணற்றில்தான். மற்ற ஆலைகளுக்கு ஓடும் நான்கு லாரிகளுக்கே தெரு வறண்டுவிட்டது. அன்று காலையில்கூட மருமகள் காலி வாளியோடு நின்று, "அத்தை, மோட்டார் வெறும் காத்தைத்தான் இழுக்குது. பிள்ளைக்கு ஊத்தக்கூட இல்ல" என்றாள். இந்த ஆலையும் கிணற்றில் வாய்வைத்தால், தெருவே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. தம் கொட்டகைக்கு நடந்தார். ஒவ்வொரு குழாய்க்கும் ஓர் அளவுமானி. நாள்தோறும் அந்த எண்களைக் குறித்துவைப்பவர் அவரே. வியாழக்கிழமைப் பக்கத்தைப் புரட்டினார். இரண்டாம் எந்திரத்தின் எண், முந்தைய நாள் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் தண்ணீர் அந்தத் துணியைத் தொடவே இல்லை!

இரண்டாம் எந்திரத்துக்கே போய்க் கேட்டார். அங்கே வேலை செய்யும் பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். "அக்கா, மாஸ்டர் ரகசியமா ஒரு லாரி வரவச்சு இந்த மெஷினோட மேல்தொட்டியில ஊத்தச் சொன்னாரு. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

"உன் பேரே வராதுடி. மானி பேசும்."

மேல்தொட்டியில் எஞ்சியதில் ஒரு கண்ணாடிக் குவளையும், தம் தொட்டியிலிருந்து ஒரு குவளையும் எடுத்தார். இரண்டிலும் சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். அவருடையது நீலமாயிற்று, மென்மையான நீர். லாரித் தண்ணீர் சிவந்தது. சாயத்தைத் திரித்துத் துணியில் புள்ளிபுள்ளியாக ஒட்டவைக்கும் கடினநீர்.

குவளைகளையும் குறிப்பேட்டையும் கண்ட மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரிம்மா, லாரி வேணாம். ஆனா நாலு பேர் முன்னாடி மாஸ்டர் மானம் போகக் கூடாது. இதை இந்த ரூமோட விட்டுடுங்க."

"என் தண்ணியைச் சாக்கடைன்னு நாலு பேர் முன்னாடிதானே சொன்னாரு? அப்ப என் மானம் எங்க போயிருந்துச்சு, குளிக்கவா?"

நேரே சாயக்கூடத்துக்குள் புகுந்தார். எந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் அவர் குரல் எழுந்தது.

"மாஸ்டர்! வியாழக்கிழமை நீங்க ஊத்தினது லாரித் தண்ணி. புள்ளி போட்டது அது, பழி என் மேலயா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

எவரோ களுக்கென்று சிரித்தார். மாஸ்டரின் முகம் சுண்டிப்போயிற்று. "ஏதோ ஒரு சந்தேகத்துலம்மா..."

"சந்தேகம்னா என்னைக் கேக்கணும். எங்க தெருவைக் காயப்போடக் கூடாது. இப்பப் போடுங்க அதே இளமஞ்சளை, என் தண்ணியில. நான் இங்கயே நிக்கிறேன்."

நின்றார். நாற்காலி கொடுத்தார்கள், உட்காரவில்லை. மூன்று மணிக்குத் துணி வெளியே வந்தது, ஒரு புள்ளிகூட இல்லாமல். மாஸ்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். தண்ணீர்க்காரம்மா திரும்பியும் பார்க்கவில்லை. தெரிந்த செய்திதானே?

அப்போது வாசலில் ஒலிப்பான் அலறியது. காலையில் சொல்லிவைத்த லாரி நிறைசுமையோடு வந்து நின்றது; நிறுத்தச் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை.

"திருப்பி அனுப்பிடறேன்மா" என்று மாஸ்டர் பதறினார்.

"சும்மா அனுப்பினா வேற ஆலையில வித்துடுவான். நீங்களும் ஏறி உக்காருங்க. எங்க தெருப் பொதுத்தொட்டியில கடைசிச் சொட்டு விழற வரைக்கும் நின்னு ஊத்திட்டு வாங்க. என் மருமக வாளியோட நிப்பா, அவகிட்டயும் சொல்லுங்க, யார் சாக்கடைன்னு."

மாஸ்டர் மேலாளரின் முகத்தைப் பார்த்தார். மேலாளர் வேறு பக்கம் பார்த்தார். மாஸ்டர் லாரியில் ஏறினார்.