ஜன்னலைச் சாத்தியவன்

போன வாரம் என்னைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். எதற்கு என்று கேட்டால் சிரிப்பீர்கள். வேறு ஊர்க்காரர்கள், வேறு பண்பாட்டுக்காரர்களோடு பேசிப் பழகுவது எப்படி என்று இப்போதைய சூப்பர்வைசர்களுக்கு ஒரு நாள் வகுப்பு. வடக்கேயிருந்து காண்ட்ராக்ட் ஆட்கள் நிறைய வந்துவிட்டார்கள் அல்லவா, அதற்காக. சுரங்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன், கொஞ்சம் இந்தி தெரிந்தவன், அந்தக் காலத்திலேயே ஒரு பீகார்க்காரரோடு சுவருக்குச் சுவர் குடியிருந்தவன் என்று என்னை முன் வரிசையில், ஜன்னலோரமாக உட்கார வைத்திருந்தார்கள்.

வகுப்பெடுத்த பெண் சென்னையிலிருந்து வந்தவர். காதோரம் மைக். திரையில் ஒரு வரி: 'பிறர் வழக்கங்களில் தலையிடாதீர்கள், மரியாதையான இடைவெளி விடுங்கள்.' அதை அவர் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் வெளியிலிருந்து அந்த வாசம் வந்தது. கடுகெண்ணெய். ஹாலுக்குப் பின்னால் தரைக்கு டைல்ஸ் போடுகிற ஜார்க்கண்ட் ஆட்கள் மத்தியானச் சமையலுக்கு வாணலி ஏற்றியிருந்தார்கள். அந்தம்மா மூக்கைச் சுளித்து, "சார், அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திடுறீங்களா? ஸ்மெல் வருது" என்றார். எழுந்து சாத்தினேன். யோசிக்கவே இல்லை, கை தானாகப் போயிற்று. கொக்கி விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் அருவருப்பு வந்தது. எண்ணெய் வாசத்தால் அல்ல, என்னால். சீ, இந்தக் கைக்கு இன்னுமா புத்தி வரவில்லை?

நான் கல்யாணமாகி வந்த புதிதில் எங்களுக்குக் கிடைத்தது இரட்டை குவார்ட்டர்ஸ். ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர், இரண்டு குடும்பம். எங்கள் வரிசையில் எல்லா ஜில்லாவும் இருந்தது. நாகர்கோவில்காரர் வீட்டுத் தேங்காயெண்ணெயைத் தர்மபுரிக்காரர் கேலி செய்வார், தர்மபுரிக்காரர் வீட்டுக் களியை மதுரைக்காரர் கேலி செய்வார். அடித்துக்கொண்டு கிடந்த இந்த மூக்குகள் எல்லாம் ஒற்றுமையானது ஒரே ஒரு விஷயத்தில்தான். பக்கத்துப் பாதியில் குடியிருந்த வெல்டர் சுக்தேவ் வீட்டுக் கடுகெண்ணெய்.

என் மனைவி விஜயா குறிஞ்சிப்பாடிப் பெண். வந்த முதல் வாரமே, "என்னங்க, கொமட்டிக்கினு வருதுங்க. நீங்கதான் இந்தி படிச்சவராச்சே, போயி பதமா சொல்லிட்டு வாங்க" என்றாள். நானும் மனசுக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டு கிளம்பினேன். தபாலில் நான் படித்த இந்தியில் மரத்தின் மேல் காக்கை உட்காரும், ராமன் பள்ளிக்கூடம் போவான். அண்டை வீட்டுக்காரனிடம் பதமாகச் சொல்லுகிற பாடமே அதில் இல்லை. பாதி வழியில் திரும்பி வந்து, சமையலறை ஜன்னலை டமாரென்று சாத்தினேன். மறுநாளும் சாத்தினேன். அப்புறம் அதுவே என் தினப்படிப் பேச்சாகிவிட்டது. கொஞ்ச நாளில் சுக்தேவின் மனைவி பூனம், நான் ஷிப்டுக்குப் போன பிறகே அடுப்பு மூட்ட ஆரம்பித்தாள். "பாத்தீங்களா, ஒரு வார்த்தை பேசாம புரிய வச்சுட்டேன்" என்று ஷிப்ட் பஸ்ஸில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். பஸ்ஸே சிரித்தது. கருமம், இதையும் உங்களிடம் சொல்லித்தானே ஆகவேண்டும்.

விஜயா அப்படி இல்லை. ஒரு வார்த்தை இந்தி தெரியாமலே வேலியோரம் நின்று பூனத்தோடு மணிக்கணக்காகப் பேசுவாள். இவள் தமிழில் பேசுவாள், அவள் அவள் பாஷையில் பேசுவாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள். மசக்கையில் விஜயாவுக்கு எதுவும் தங்காதபோது பூனம் ஒரு ஜாடி மாங்காய் ஊறுகாய் கொடுத்தாள். அதுவும் கடுகெண்ணெயில் மிதக்கிறதுதான். எந்த வாசத்துக்காக நான் ஜன்னலைச் சாத்தினேனோ அதை இவள் விரலால் வழித்து வழித்துச் சாப்பிட்டாள். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

பூனம் மஞ்சள் காமாலையில் செத்துப்போனாள். பத்தே நாள். சொந்தக்காரர்கள் ரயிலேறி வந்து சேர மூன்று நாளாகும் என்று தெரிந்ததும் எங்கள் வரிசை ஆட்களே எல்லாம் செய்தோம். பெண்கள் குளிப்பாட்டினார்கள், விஜயா தன் முகூர்த்தப் புடவையையே கொண்டுபோய்ப் போர்த்தினாள். நாங்கள் நாலு பேர் தோள் கொடுத்தோம். சுக்தேவ் கொள்ளி வைத்தார். கொள்ளி வைத்ததும் நாங்கள் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டோம். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? சாவு வீட்டிலும் சுடுகாட்டிலும் யாரும் யாரிடமும் 'வரேன்' என்று சொல்வதில்லை. நேரே வீட்டுக்குப் போய்த் தலை முழுகவேண்டும். சுக்தேவை ஒர்க்ஷாப் ஆட்கள் கூட்டிவருவார்கள் என்று நாங்கள் நினைத்தோம். நாங்கள் கூட்டிவருவோம் என்று அவர்கள் நினைத்தார்கள். சிதை நன்றாக எரிந்து அடங்கும்வரை எல்லோரும் கூட இருப்பதுதான் அவர் ஊர் முறை என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவர் திரும்பிப் பார்த்தபோது பின்னால் ஒரு ஈ காக்கை இல்லை.

சாயங்காலம் நான் தலை துவட்டி, காபி குடித்துக்கொண்டிருந்தேன். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பால் கொண்டுவருகிற அஞ்சலை வாசலில் நின்று கத்தினாள்.

"இன்னா சார், பக்கத்து வூட்டுக்காரரு என்னாண்ட வரட்டி வாங்கி நெருப்பு போட்டுகினு வாசப்படியில குந்திகினுகீறாரு. வேப்பிலையும் கல்லும் வச்சிகினு ரோட்டையே பாத்துகினுகீறாரு. ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டேங்கறீங்களே?"

"அது அவங்க ஊரு வழக்கம்மா. நாம போய்த் தலையிடக்கூடாது" என்றேன். எவ்வளவு கண்ணியமான பதில் பாருங்கள். போன வாரம் திரையில் ஓடிய வரியை நான் அன்றைக்கே மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறேன்.

"இன்னா வயக்கமோ போங்க. சாவு வூட்ல ஆளு தனியா குந்திகினு கெடக்கறது எந்த ஊரு வயக்கம்?" என்று முனகிக்கொண்டே அவள் போய்விட்டாள்.

அவள் போன பிறகு வரட்டிப் புகை எங்கள் முன்னறைக்குள் வந்தது. நான் எழுந்து போனேன். சுக்தேவ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வரப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, பாதி எழுந்திருந்தார். நான் ஜன்னலைச் சாத்தினேன்.

மறுநாள் விஜயா வெங்காயம் பூண்டு இல்லாமல் பார்த்துப் பார்த்துச் சமைத்து கேரியரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் இரண்டு கையையும் கூப்பித் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். கேரியர் கொண்டுபோன கனத்தோடு திரும்பி வந்தது. "நம்ம சோறு அவருக்கு ஆவலைங்க" என்று விஜயா அழுதாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பிணத்துக்குத் தோள் கொடுத்தவன் வீட்டுச் சோறு ஆகாதா? அதற்கப்புறம் நானும் போகவில்லை, அவளையும் போகவிடவில்லை. வரிசை முழுக்க இதைச் சொல்லி, மற்றவர்களையும் போகவிடாமல் செய்தேன்.

ஒரு மாதத்தில் சுக்தேவ் வடக்கே மாற்றல் வாங்கிக்கொண்டார். கிளம்புகிற அன்று காலையில் எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டேனா என்று கேட்காதீர்கள். ஒர்க்ஷாப்பில் கற்றுக்கொண்ட தமிழில் சொன்னார்.

"அண்ணா, நான் போறேன். அன்னிக்கு சுடுகாட்டுல நீங்க யாரும் சொல்லலை. நான் சொல்லிட்டுப் போறேன்."

எனக்குப் புரியவில்லை. தலையாட்டினேன்.

"பூனத்துக்கு அக்கா மேல ரொம்ப பிரியம். எங்க எண்ணெ வாசம் உங்களுக்குக் கஷ்டம். தெரியும். மன்னிக்கணும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லைங்க" என்றேன். மன்னித்துவிட்டேனாம்! மகாராஜா! அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் என் மூஞ்சியில் நானே துப்பிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அப்புறம் ஏழெட்டு வருஷம் போயிற்று. எங்கள் செக்ஷனில் இருந்த இன்னொரு பீகார்க்காரரின் அப்பா இங்கே வந்திருந்த இடத்தில் இறந்துபோனார். இந்தத் தடவை வடக்கத்தியர்கள் நாலைந்து குடும்பம் இருந்ததால் என்னைத் தப்ப விடவில்லை. சிதை அடங்கியதும் எல்லோரையும் கும்பலாகச் செத்தவர் வீட்டு வாசலுக்கே கூட்டிவந்தார்கள். அங்கே படியில் நெருப்பு, ஒரு கல், ஒரு இரும்புச் சாவி, ஒரு கொத்து வேப்பிலை. ஒவ்வொருவராகக் கல்லையும் இரும்பையும் தொட்டு, நெருப்பில் கை காட்டி, வேப்பிலையைக் கடித்தார்கள். என் கையிலும் ஒரு இலையைத் திணித்தார்கள்.

"கூட வந்தவங்க வாசலுக்கு வந்து இதைத் தொட்டுட்டுத்தான் போவாங்க சார். யாருமே வரலைன்னா அந்த வீட்டை ஊரே ஒதுக்கி வச்ச மாதிரி" என்றார் பக்கத்தில் நின்றவர். கொள்ளி வைத்தவர் சில நாளைக்குத் தானே பொங்கிய உப்பில்லாச் சோற்றைத்தான் சாப்பிடவேண்டும், வெளிச்சாப்பாடு தொடக்கூடாது என்பதையும் அவர்தான் சொன்னார். இலை என் வாயில்தான் இருந்தது. அங்கேயே வேலியோரம் போய்க் குனிந்து வாந்தி எடுத்தேன். கசப்பு தாங்கவில்லை என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து விஜயாவிடம் சொன்னேன். அவள், "அன்னிக்கு நீங்க ஜன்னல சாத்துனப்ப அவரு பாத்தாரா?" என்று கேட்டாள். "பாத்தாரு" என்றேன். அதற்கப்புறம் அவள் அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை.

சுக்தேவுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கலாம். எங்கள் வழக்கம் அப்படி, உங்களை ஒதுக்கவில்லை என்று இரண்டு வரி. இந்தி எழுத்து சரியாக வராது, விலாசம் கிடைக்கவில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சாக்குச் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டினேன். போன வருஷம் ஒருவர் போகிறபோக்கில் சொன்னார், சுக்தேவும் போய்விட்டாராம். பூனத்தை இந்த ஊர் அருவருத்தது என்ற நினைப்போடுதான் போயிருப்பார். அந்த நினைப்பு முழுப் பொய் என்று சொல்லவும் எனக்கு வாய் இல்லை.

வகுப்பின் கடைசியில் அந்தம்மா மைக்கை நீட்டி, "சார், உங்க அனுபவத்துல ஒரே ஒரு டிப்ஸ் சொல்லுங்க" என்றார். நூறு முகங்கள் பார்த்துக்கொண்டிருந்தன. "எப்பவும் சிரிச்ச முகமா இருக்கணும்" என்றேன். கை தட்டினார்கள். சால்வை போர்த்தினார்கள். தூ!

சால்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பழைய பிளாக் பக்கம் நடந்தேன். அந்த வாசற்படியில், அன்றைக்கு நெருப்பு இருந்த இடத்தில், கறுப்பாக ஒரு வட்டம் ரொம்ப வருஷம் இருந்தது. பின்னால் குடிவந்தவர்கள் காரணம் தெரியாமல் அதன் மேலேயே கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது வரிசையையே இடித்துத் தள்ளிவிட்டார்கள். சுவர் இல்லை, வேலி இல்லை, படி இல்லை, என் ஜன்னலும் இல்லை. கருவேலஞ்செடிதான் மண்டிக் கிடக்கிறது. குத்துமதிப்பாக அவர் வாசல் இருந்த இடத்தைக் கண்டுபிடித்து நின்றேன். சாவு வீட்டில் யாரும் சொல்லக்கூடாத அந்த வார்த்தையைச் சத்தமாகவே சொன்னேன்.

"சுக்தேவ், நான் போயிட்டு வரேன்."