சந்தேகத்துக்கு ஒரு டம்ளர் காப்பி

மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் அந்த மனிதருக்கு யார் வீட்டிலும் காப்பி குடிக்கும் பழக்கம் கிடையாது. வாசலில் நின்று "மீட்டர்" என்று குரல் கொடுத்ததுமே, "வாங்க சார், உக்காருங்க, ஒரு வாய் காப்பி சாப்பிடுங்க" என்று எந்த வீட்டில் உபசரிக்கிறார்களோ, அந்த வீட்டு மீட்டரை இரண்டு தடவை பார்ப்பார். முத்திரைக் கம்பியை விரலால் இழுத்துப் பார்ப்பார். பலகைக்குப் பின்னால் டார்ச் அடிப்பார். பாதி வீடுகளில் ஒன்றும் இருக்காது. பாவம், நிஜமாகவே நல்ல மனசுக்காரர்களாக இருப்பார்கள். மீதிப் பாதியில் ஏதாவது ஒரு குட்டு வெளிப்பட்டிருப்பதால் அவருடைய கொள்கைக்கு இருபத்தொன்பது வருஷமாக எந்தச் சேதாரமும் வரவில்லை.

காப்பி என்றாலே அவருக்கு ஆகாது. "அந்த வாசனை எதுக்கு இருக்கு தெரியுமா? மத்த வாசனையை மறைக்கிறதுக்கு" என்பார். வயர் கருகுகிற வீட்டில்தான் காப்பி கமகமக்கும் என்று அடித்துச் சொல்வார். டீ அப்படியில்லையாம். பால் திரிந்தால் காட்டிக்கொடுத்துவிடும். தூள் பழசென்றால் காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீர் சரியாகக் கொதிக்கவில்லை என்றால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். எதையும் ஒளிக்கத் தெரியாத அப்பாவி அது என்று ஏதோ தன் சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார்.

அந்த டீயும் கண்டவர் கையால் குடிக்க மாட்டார். காலையில் அவருடைய வீட்டம்மா இஞ்சி தட்டிப் போட்டு பிளாஸ்கில் ஊற்றிக் கொடுப்பதுதான். பதினொரு மணிக்கு எந்தத் தெருவில் இருக்கிறாரோ அந்தத் தெருவில் ஒரு மாடிப்படியில் உட்கார்ந்து மூடியைத் திறப்பார். ஆவி முகத்தில் பட்டதும் தோள் இறங்கும். அந்தப் பத்து நிமிஷம் அவர் யாரையும் சந்தேகப்படுவதில்லை. "மீட்டர் சாரோட பால்புட்டி" என்று லைன்மேன் கிண்டல் செய்வான். "உனக்கு வயித்தெரிச்சல்டா" என்று சொல்லிவிட்டு இன்னொரு மூடி ஊற்றிக்கொள்வார்.

மழை தொடங்கிய சமயம் வீட்டம்மா ஒரு வாரம் காய்ச்சலாகப் படுத்து எழுந்தாள். அதன் பிறகு எப்போது என்று சரியாகச் சொல்ல முடியாது, டீ மாறிவிட்டது. ஒருநாள் இஞ்சி தொண்டையைப் பிடித்தது. மறுநாள் இஞ்சியே இல்லை. இப்படியே மூன்று மாசம் ஓடியது. ஒருநாள் பால் அடிப்பிடித்த நாற்றம். அதை அப்படியே பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்திருந்தாள். முப்பத்தோரு வருஷத்தில் அவள் அடிப்பிடித்த பாலை வடிகட்டியதே இல்லை. சாக்கடையில் கொட்டிவிட்டு வேறு காய்ச்சுகிறவள்.

"என்ன, பால் அடிபிடிச்சுதா இன்னிக்கு?" என்று சாயந்திரம் தூண்டில் போட்டுப் பார்த்தார்.

"இல்லையே. நல்லாத்தானே இருந்துச்சு" என்றாள் அவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மீட்டர்காரருக்கு மூக்கு வேர்த்துவிட்டது. இது அவள் போட்ட டீ இல்லை, வேறு யாரையோ போடவைக்கிறாள் என்று முதலில் தோன்றியது. டீத்தூள் டப்பாவின் உள்பக்கம் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தூள் ஒழுங்காகத்தான் இறங்கியிருந்தது. கணக்கு சரியாக இருந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் சரியாக இருக்கிற இடத்தில்தான் பெரிய வேலை நடக்கும் என்பது அவருடைய அனுபவம்.

அடுத்த வாரம் அவர்கள் குடியிருக்கும் கட்டடத்துக்கே கணக்கெடுக்க வேண்டியிருந்தது. கீழ் வீட்டில் தையல்கார அக்கா இருந்தாள். அந்த வீட்டு மீட்டர் ஜன்னலுக்குப் பக்கத்தில். எண்ணைக் குறித்துக்கொண்டு நிமிர்ந்தவர் ஜன்னல் வழியாகத் தன் மனைவியைப் பார்த்தார். அவள் அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் காப்பி டம்ளர். வாசனை ஜன்னலைத் தாண்டி வந்து அவரை அறைந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, டம்ளரை முகத்தோடு ஒட்டிப் பிடித்து, மூச்சை ஆழமாக இழுத்துக்கொண்டிருந்தாள். விட்டாள். மறுபடியும் இழுத்தாள். காப்பிக் கடையைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிற பொம்பளை!

அவர் சத்தம் போடாமல் படியேறிவிட்டார். கையும் களவுமாகப் பிடிபட்டவர்களிடம் உடனே வாயைத் திறக்கக் கூடாது என்பது தொழிலில் கற்ற பாடம். சாயந்திரம் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"பகல்ல எங்கயாவது போனியா?"

"நான் எங்க போகப்போறேன்? வீட்லதான் கிடந்தேன்."

அந்தப் பதில் அவருக்கு வலித்தது. ஊரே பொய் சொல்லட்டும், அவருக்கு அது பிழைப்பு. இவளும் சொன்னால் அந்தப் பதினொரு மணியை எங்கே போய்த் தேடுவது? அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் பிளாஸ்கை எடுத்துப்போனார். மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு அப்படியே மூடினார். கல்யாணமான நாளிலிருந்து அவள் கொடுத்த டீயை மோந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. தனக்கே கொஞ்சம் அசிங்கமாக இருந்தது. இருந்தாலும் குடிக்கவில்லை. அடுத்த இரண்டு நாளும் அப்படியேதான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு யோசனை வந்தது. அவளுக்குச் சொல்லாமல் காப்பி கலந்து கொடுப்பது. பழக்கம் இல்லாதவள் என்றால் முதல் வாயிலேயே துப்பிவிடுவாள். தான் தப்பாக நினைத்தது என்று ஆகிவிடும். பழகியவள் என்றால் நாக்கு சொக்கிப்போய் முகம் காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவதாக ஒன்று நடக்க வழியே இல்லை.

மூலைக் கடையில் சின்னக் காப்பித்தூள் பொட்டலம் ஒன்று கேட்டார். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன மீட்டர் சார், கட்சி மாறிட்டீங்களா?"

"எறும்புக்குப் போடணும்" என்றார். வாய்க்கு வந்த பொய் அது. கடைக்காரர் நம்பவில்லை.

வீட்டம்மா பால்கனியில் உட்கார்ந்து அவருடைய வேலைப் பையின் அறுந்த வாரைத் தைத்துக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு நான் போடறேன் டீ" என்றார். "அடேயப்பா, மழை வரப்போகுது" என்று சிரித்தாள். அடுப்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காப்பி கலந்தார். நிறம் தெரியாமலிருக்கப் பாலை நிறைய விட்டார். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். காப்பி வாசனை பால்கனி முழுக்க நிறைந்திருந்தது. அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

அவர் அவளுடைய முகத்தையே பார்த்தார்.

"பரவாயில்லையே!" என்றாள். "இவ்வளவு நாளா டீ போடத் தெரியாத மாதிரி நடிச்சிருக்கீங்க. இஞ்சிதான் கொஞ்சம் தூக்கல்."

கிண்டல் செய்கிறாளோ என்று உற்றுப் பார்த்தார். கிண்டல் இல்லை. இன்னொரு வாய் குடித்துவிட்டு ஊசியை வெளிச்சத்தில் பிடித்து நூலைக் கோத்தாள். ஓடாத மீட்டரைப் பார்த்தால் யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றும். தானாகவே பழுதாகி நின்றிருக்கலாம் என்பது கடைசியில்தான் தோன்றும். கடைசியில்தான் இப்போதும் தோன்றியது. ஒருநாள் கூடி, ஒருநாள் இல்லாமலே போன இஞ்சி. அடிப்பிடித்த பால். கண்ணை மூடிக்கொண்டு அவள் மூச்சை இழுத்தது. இந்த நாலு மாசமும் காஸ் கசிந்தால்கூடத் தெரியாமல் இவள்தான் தனியாக நின்று அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள்.

"ஏன் அப்படிப் பாக்கறீங்க?" என்றாள்.

அவள் ஊசியைப் பையில் குத்தி வைத்தாள். கொஞ்ச நேரம் வாரையே தடவிக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சு போச்சா?"

"எப்பலேர்ந்து?"

"அந்தக் காய்ச்சல்லேர்ந்து. வாசனையும் இல்ல, ருசியும் இல்ல. பச்சத் தண்ணி மாதிரி இருக்கு எல்லாமே. கீழ அக்கா வீட்டுக்குப் போய்க் காப்பியை மோந்து பாத்தேங்க. எனக்கு ஆகவே ஆகாத வாசனை, அதாவது வருதான்னு. அதுவும் வரல."

"சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது?" அவளுடைய குரல் உடைந்தது. "ஊர்ல ஒருத்தர் கையாலயும் குடிக்காத மனுஷன் நீங்க. என் கையால மட்டும்தான் கண்ண மூடிக்கிட்டு வாங்கிக் குடிக்கறீங்க. நான் ருசி தெரியாம போடறேன்னு தெரிஞ்சா அதையும் மோந்து பாக்க ஆரம்பிச்சிடுவீங்க. அத என்னால தாங்க முடியாதுங்க."

மூன்று நாளாக மோந்து பார்த்துவிட்டு மூடிய பிளாஸ்க் அவருக்கு ஞாபகம் வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்" என்றார் முரட்டுத்தனமாக. "காய்ச்சலுக்கு அப்புறம் இப்படி வருமாம், திரும்பிடுமாம். யாரோ சொல்லக் கேட்டிருக்கேன்."

யாரும் அப்படிச் சொன்னதாக அவருக்கு ஞாபகம் இல்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சமிருந்த டம்ளரைக் கையில் எடுத்துச் சிரிக்கப் பார்த்தாள்.

"எனக்கு என்ன கவலை? இனிமே நீங்க போட்டுக் குடுங்க. என்ன ஏதுன்னு பாக்காம குடிச்சிடறேன். உங்களை நம்பாம யாரை நம்பறது?"

அவர் அவள் கையிலிருந்து டம்ளரைக் கிட்டத்தட்டப் பிடுங்கினார். "ஆறிப்போச்சு. வேற போடறேன்" என்று உள்ளே போனார். மிச்சத்தைத் தொட்டியில் கொட்டிக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். டம்ளரைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை தேய்த்தார். பொட்டலத்தைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைக்கு அடியில் திணித்தார். வாசனை போகட்டும் என்று ஜன்னலைத் திறந்துவிட்டு, அவள் எழுந்து வருகிறாளா என்று திருடனைப்போல் எட்டிப் பார்த்தார். அப்புறம்தான் உறைத்தது: அந்த வாசனையைக் கண்டுபிடிக்க இந்த வீட்டில் அவரைத் தவிர இப்போது யாரும் இல்லை.

தண்ணீரை வைத்தார். தூளைப் போட்டார். இஞ்சியைத் தட்டும்போது கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"என்னங்க," பால்கனியிலிருந்து அவளுடைய குரல் வந்தது, "கொதிச்சிருச்சா? இஞ்சி வாசனை வருதா?"

அவர் பாத்திரத்தின் மேல் குனிந்து மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார்.

"வருதும்மா" என்றார்.