ஏழரை மணிச் சங்கு

எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் அப்போது கார் கம்பெனியும் கிடையாது, கம்பெனி பஸ்ஸும் கிடையாது. இருபக்கமும் பொட்டல், வற்றிய ஏரி, நடுவே எங்கள் வார்ப்படத் தொழிற்சாலை. இரும்பை உருக்கி அச்சில் ஊற்றி லாரிகளுக்கான பாகங்கள் செய்வோம். நான் அங்கே எலக்ட்ரீஷியன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

அந்த வருஷம் மழை இல்லை. மழை இல்லாததால் மின்வெட்டு, மின்வெட்டால் உலை பாதி நாள் ஆறிக் கிடந்தது. லாரி கம்பெனிகளிலும் வேலை படுத்துவிட்டது என்றார்கள். மாசி மாதத்தில் ஒரு நாள் கேட்டில் லே-ஆஃப் நோட்டீஸ் ஒட்டப்பட்டது. வாட்ச்மேனையும் என்னையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற தொழிலாளர் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஓர் உலை அணைந்தால் எத்தனை அடுப்பு அணையும் என்பதை அடுத்த மூன்று மாதத்தில் பார்த்தேன். டீக்கடைக்காரர் முதலில் பாலைக் குறைத்தார், பிறகு ஒரு பெஞ்சைத் தூக்கி உள்ளே போட்டார். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்ட ஆள் வரவில்லை, பாதிப்பேர் சைக்கிளையே விற்றுவிட்டிருந்தார்கள். உருகிய இரும்பைத் தாங்கிய கைகள் கல்குவாரியில் ஜல்லி உடைத்தன, சீமைக்கருவேல் வெட்டிக் கரி சுட்டன. வழியில் என்னைப் பார்த்தால் எல்லாரும் ஒன்றுதான் கேட்பார்கள், எப்போது திறப்பார்கள் என்று. எனக்குத் தெரியாது என்றால் நம்ப மாட்டார்கள். தினமும் உள்ளே போய் வருகிறவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

எங்கள் சங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூரைமேல் இருந்த, மோட்டாரில் ஓடும் அந்தச் சங்கு காலை ஏழரைக்கு ஒருமுறை நீளமாக ஊதும். அது வீட்டைவிட்டுக் கிளம்பச் சொல்வது. எட்டு மணிக்குச் சின்னதாக இரண்டு தடவை ஊதினால் வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஏழரைச் சங்குக்குச் சுற்றியிருந்த மூன்று ஊர்களிலும் பெண்கள் தூக்குவாளியை மூடுவார்கள், பிள்ளைகள் பையைத் தேடுவார்கள். லே-ஆஃபுக்குப் பிறகு அந்த ஊர்களின் காலைக்கு ஆரம்பமே இல்லாமல் போயிற்று.

வைகாசியில் எங்களுக்கு வரும் மின்சார லைன் பழுதாகி, மூன்று நாள் கழித்துச் சரிசெய்தார்கள். மறுநாள் காலை மின்சாரம் ஒழுங்காக வருகிறதா என்று நான் பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு மோட்டாரை ஓட்டிப் பார்த்தால் போதும். எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கத்திலேயே இருந்தது. அதன் சுவிட்சுக்கு அடுத்தது சங்கின் சுவிட்ச். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், மணி ஏழு இருபத்தெட்டு. இரண்டு நிமிஷம் காத்திருந்தேன். அந்த இரண்டு நிமிஷத்தைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. சரியாக ஏழரைக்குச் சங்கை அழுத்தினேன்.

முதலில் ஒரு முனகல், பிறகு அது ஏறி ஏறி வானத்தைத் தொட்டது. கூரைப் புறாக்கள் ஒரே வீச்சில் எழும்பின. செத்துக் கிடந்த கட்டடம் மூச்சுவிட்டதுபோல் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வழக்கமான நீளத்துக்கு விட்டு, நிறுத்திவிட்டு, டீ குடிக்கப் போனேன்.

எட்டு மணிக்கு வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்ட குரலே சரியில்லை. கேட்டுக்கு வெளியே பார்த்தேன். அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். காக்கிச் சட்டையும் பேண்டுமாக. மூன்று மாதமாக மடித்து வைத்திருந்த துணியில் இஸ்திரிக் கோடுகள் விறைப்பாக இருந்தன, உள்ளே இருந்த உடம்புதான் இளைத்திருந்தது. குவாரியிலிருந்து வீட்டுக்கு ஓடி உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தவர்களின் தலையில் வெள்ளைத் தூள். எல்லார் கையிலும் அவரவர் நம்பர் அடித்த பித்தளை டோக்கன். உள்ளே நுழையும்போது பெட்டியில் போடுவது அது. கணவன் மறந்துவிட்டுப் போன தூக்குவாளியோடு ஒரு பெண் பின்னாலேயே ஓடி வந்துகொண்டிருந்தாள்.

வாட்ச்மேன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. “டெஸ்டிங்குபா. கரண்டு வந்துச்சான்னு பாத்தாங்கோ, அவ்ளோதான்” என்றார்.

பிறகு ஒருவர் சிரித்தார். குவாரி மேஸ்திரியிடம் ‘நீயும் ஆச்சு உன் ஜல்லியும் ஆச்சு’ என்று கூடையை வீசிவிட்டு வந்ததாகவும், இனி அதே கூடையைக் கெஞ்சிக் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சிரித்தார்கள். கலையத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் அவர் வந்தார். மணலை இறுக்கி அச்சு எடுக்கும் பிரிவில் இருந்த ஓர் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசைக்கு மனைவியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் போவதை வழியில் பார்ப்பேன். தோளில் ஒரு டிரங்குப் பெட்டி, சட்டை முழுக்க வேர்வை. திரும்பிப் போகிறவர்களை விலக்கிக்கொண்டு, வாயெல்லாம் சிரிப்பாக முன்னால் வந்து கேட்டார்:

“இன்னும் யாரையும் உள்ள வுடலியா?”

பதிலுக்கு நிற்காமல் அவரே சொல்லிக்கொண்டு போனார். ஓசூரில் ஒரு கம்பெனியில் அவருடைய மச்சான் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தாராம். அன்று சாயங்காலம் ஐந்துக்குள் போய் நின்றால் வேலை, இல்லையென்றால் வேறு ஆள். ஸ்ரீபெரும்புதூரில் பஸ் படிக்கட்டில் ஒரு கால் வைத்தபோது சங்கு கேட்டிருக்கிறது. கண்டக்டர் திட்டத் திட்ட இறங்கி, பெட்டியோடு நடந்தே வந்திருக்கிறார். ஓசூருக்குப் போகிறவரின் சட்டைப் பையிலும் அந்த டோக்கன் இருந்தது.

வாட்ச்மேன் விஷயத்தைச் சொன்னதும் அவர் பெட்டியை இறக்கி அதன்மேல் உட்கார்ந்தார். நான் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போனேன்.

“அண்ணே, ஊதுனது நான்தான். ஃபேனைப் போட்டுப் பாத்திருக்கலாம். சங்கைப் போட்டுட்டேன்.”

“ஏன்டா?”

“எனக்குக் கேக்கணும்போல இருந்துச்சுண்ணே.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தரையைப் பார்த்தபடி, “எனுக்குந்தான்” என்றார்.

வாட்ச்மேனின் சைக்கிளை எடுத்தேன். வேலை நேரத்தில் கேட் பாஸ் இல்லாமல் நீ வெளியே போவதை நானாகச் சொல்ல மாட்டேன், மேனேஜர் கேட்டால் மறைக்கவும் மாட்டேன் என்றார் வாட்ச்மேன். அண்ணன் பின்னால் பெட்டியைக் கட்டிப் பிடித்து உட்கார, நெடுஞ்சாலைக்கு மிதித்தேன். ஒரு பஸ்ஸும் நிற்கவில்லை. கடைசியில் உப்பு மூட்டை ஏற்றிய ஒரு லாரி நின்றது. ஏறிப் போனார். இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்திருந்ததால் கையாட்டவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். லாரி ஓசூர் சேர்ந்தபோது இருட்டிவிட்டதாம். மறுநாள் காலை அந்த இடத்தில் வேறு ஆள் நின்றாராம். வெறுங்கையோடு வீடு திரும்ப மனசில்லாமல் மார்க்கெட்டில் தக்காளிக் கூடை இறக்கிக்கொண்டிருக்கிறார் என்றார் அவர் மனைவி. சங்கை ஊதியது யார் என்று அந்த அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. “வூட்டுக்காரரு சொன்னாரு. உள்ள வாங்க, வெயிலு” என்றார். அந்த வார்த்தையைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

ஐப்பசியில் மழை கொட்டியது. கார்த்திகையில் தொழிற்சாலை திறந்தது. வீடு வீடாகக் கடிதம் போயிற்று. அவரும் ஓசூரிலிருந்து திரும்பி வந்திருந்தார்.

திறப்பு நாளன்று காலை ஏழுக்கே சுவிட்ச் போர்டு முன்னால் நின்றேன். விரல் வரவில்லை. கதவருகே நிழலாடியது. அவர்தான். காக்கி உடுப்பு, கையில் தூக்குவாளி, தக்காளிக் கூடை சுமந்த தோள் மட்டும் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. நீங்களே அழுத்துங்கள் என்று நகர்ந்துகொண்டேன்.

“அது உன் வேலடா. நான் கேட்டுக்கினு ஓடியார்ற ஆளு.”

சொல்லிவிட்டு வெளியே நடந்தார். கேட்டைத் தாண்டி, சாலையைத் தாண்டி, அந்தப்பக்கத்துப் புளியமரத்தடியில் போய்த் தொழிற்சாலையைப் பார்த்து நின்றார். ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது. ஏழரை ஆனது. அழுத்தினேன். அது ஏறி ஏறிப் போய் முடியும்வரை அப்படியே நின்று கேட்டார். பிறகு, இப்போதுதான் வீட்டிலிருந்து கிளம்பியவர்போல, வேகவேகமாகச் சாலையைக் கடந்து வந்தார்.

எத்தனையோ தொழிற்சாலைகளில் எத்தனையோ சுவிட்சுகளைத் தொட்டாயிற்று. எனக்குச் சும்மா சோதனையாக இருக்கிற ஒன்று எங்கோ ஒருவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடக்கூடும் என்ற பயத்தில், இன்றும் விரலை வைக்கும்முன் ஒருமுறை ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்துக்கொள்கிறேன்.