ராமதாஸ் அண்ணன் செதுக்கிய கடைவாய்ப்பல்

எங்கள் அண்ணன் ராமதாஸுக்கு வலை பின்னுகிற கை. காசிமேட்டுக் கரையில் மற்றவர்கள் ஒரு கண்ணி முடிப்பதற்குள் அவன் மூன்று முடிப்பான். இன்டர்மீடியட் பாஸ் செய்த பிறகும் காலையில் வலை, மாலையில் புத்தகம் என்றே இருந்தான். எங்கள் குப்பத்தில் பல் டாக்டர் படிப்புக்கு மனு போட்டவன் அவன் ஒருவன்தான். ஐம்பத்து நாலாம் வருஷம் அது.

மூன்று வாரத்தில் பரீட்சை என்று கடுதாசி வந்தது. பாதி எழுத்து, மீதிப் பாதிக்கு, சுண்ணக்கட்டியில் ஒரு கடைவாய்ப்பல் செதுக்கிக் காட்ட வேண்டும். எழுத்துக்கு அண்ணன் பயப்படவில்லை. பழகத்தான் அத்தனை சுண்ணக்கட்டிக்கு எங்கே போவது? கரையில் ஒதுங்குகிற கணவாய் மீன் ஓடுகளைக் கூடையில் பொறுக்கிவந்து கொட்டினேன். அதுவும் வெள்ளைதான், பேனாக்கத்திக்கு நன்றாய்ப் பணியும். பார்த்துச் செதுக்க நிஜப் பல்லும் வீட்டிலேயே இருந்தது. போன வருஷம் பிடுங்கின தன் பல்லை அம்மா மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தாள். எதற்கு என்று கேட்டால், அது தன்னுடையதாம், வைத்துக்கொண்டாளாம்.

ஒரு வாரத்தில் தகரப்பெட்டி மேல் முழுக்கப் பல். நான் சும்மா இருப்பேனா? ஒன்றை நைனாவின் சோற்றில் புதைத்தேன். கடலுக்குப் போய்வந்த பசியில் கடித்தவர், துப்பிப் பார்த்துவிட்டு, எது விழுந்தது என்று நாக்கால் வாய் முழுக்கத் தேடினார். அண்ணன் என்னைத் திட்டவில்லை. நைனாவே ஏமாந்தால் பல் சரியாய் வந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அந்தச் சந்தோஷத்தில் ஒரு பல்லை மதார் சாகிப்பிடம் காட்டப் போனான். நானும் பின்னாலேயே போனேன். தெருக்கோடி வீட்டுக்காரர், ஆஸ்பத்திரியில் பல் பிடுங்குகிற அறையில் சாமான் கழுவுகிறவர். இருபது வருஷமாய்ப் பல்லாகவே பார்த்தவர். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேல சோக்காக்கீது தம்பி. ஆனா இது வெத்தல போட்டுத் தேஞ்ச பல்லு. மேல மேடும் இல்ல, பள்ளமும் இல்ல. அங்க அத்தத்தான் பாப்பாங்க."

அம்மாவின் வெற்றிலையும் கருவாட்டு மணலும் சேர்ந்து அந்தப் பல்லை வழவழவென்று ஆக்கியிருந்தன. அண்ணன் செதுக்கியது நாற்பது. நாற்பதும் தேய்ந்த பல். பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள். அம்மா அண்ணனுக்காக அழுதாள். தன் பல்லைக் குறை சொன்னதற்காக மதார் பாயையும் திட்டினாள்.

அண்ணன் கத்தியை மடக்கி வைத்துவிட்டு வலைக்குப் போய்விட்டான். மத்தியானம் சாப்பிடவும் வரவில்லை. நான் போய் எதிரில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன்.

"இன்னாடி?"

"என்னுதப் பாரு. நானு வெத்தலையே போட்டதில்ல."

அன்றைக்கே ஆரம்பித்தோம். தினமும் காலை வெயிலில் நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார, அம்மா முகக்கண்ணாடியால் வெயிலை உள்ளே அடிப்பாள். மீன்கூடையோடு போன பவுனம்மாள் நின்று பார்த்தாள்.

"இந்தப் பொண்ணு வாயத் தெறந்துகினு சும்மா கீறத இப்பத்தான் பாக்குறேன்."

பதில் தயாராய் இருந்தது. ஆனால் அண்ணனின் விரல் வாய்க்குள் இருந்தது. கடித்திருக்கலாம். கடிக்கவில்லை, வலை பின்னுகிற விரல், கத்தி பிடிக்கிற விரல்.

பரீட்சை முடிந்து வந்த அண்ணன் முதலில் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தான். பிறகு அவனாகவே சிரித்தான். அவன் செதுக்கிய பல்லின் ஓரத்தில் ஒரு சில்லு போயிருப்பதைக் காட்டி, கை தவறிவிட்டதா என்று காலேஜில் பரீட்சை வைத்தவர் கேட்டாராம். இல்லை சார், என் தங்கை நண்டுக்கால் கடித்ததில் போனது, பார்த்தபடி செதுக்கினேன் என்றானாம். கேட்டவர் சிரித்துவிட்டு அந்தப் பல்லைத் தன் மேஜையிலேயே வைத்துக்கொண்டாராம்.

இருபதாம் நாள், இடம் கிடைத்ததாகக் கடுதாசி வந்தது. அண்ணன் ஜூலையில்தான் போக வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். என் பல் அவனுக்கு முன்னாலேயே காலேஜில் சேர்ந்துவிட்டது.