நேசனின் பெயரைத் திருப்பி எடுத்தவர்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே ஆன்சரிங் மெஷினின் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. மார்க்கம் நகரிலிருந்து, இலக்கியக் கூட்டம் நடத்தும் பேராசிரியர் பேசியிருந்தார். சிஸ்டர் றெஜினா அன்று காலை வேலையிடத்தில் மாரடைப்பால் காலமாகிவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னார், பிறகு இரண்டு தரம் இருமினார், அவ்வளவுதான். நான் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளன். யார் யாருடைய சாவுகளையோ நாள் முழுக்க மொழி மாற்றிக் கொடுக்கிறவன். குசினியில் நின்ற அம்மாவுக்கு இந்த ஒரு வசனத்தைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திருமதி றெஜினா பாக்கியநாதனை எங்கள் ஆட்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தவர்களும் 'மோர்மனாய் மாறின மன்னார் மனிசி' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, மோர்மன் என்ற தனிக் கிறிஸ்தவ சபையில் சேர்ந்தவர்; அங்கே பெண்கள் எல்லாரும் 'சிஸ்டர்'தான். கணவரைப் போரில் பறிகொடுத்துவிட்டு இங்கே வந்து, ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்தார். ஏன் மதம் மாறினீர்கள் என்று ஒருமுறை நேராகவே கேட்டேன். "வெள்ளைச் சேட்டும் பேர்த் தகடுமா ரெண்டு மோர்மன் பெடியள் வருவாங்கள். வந்த முதல் வின்ரர் முழுக்க என்ர கதவைத் தட்டினது அவங்கள் ரெண்டு பேரும்தான், தம்பி" என்றார்.

தொண்ணூற்றிரண்டில் றெஜினா அக்கா நாலு கொப்பிகளோடு என்னைத் தேடி எங்கள் வீட்டுக்கு வந்தார். எல்லாம் தமிழில் எழுதிய கட்டுரைகள். மார்க்கத்தில் பேராசிரியர் வீட்டு பேஸ்மென்டில் மாதம் ஒரு சனிக்கிழமை மோர்மன் எழுத்தாளர்களும் ஆய்வாளர்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள் என்றும், அங்கே வாசிக்க இவற்றை ஆங்கிலமாக்கித் தரவேண்டும் என்றும் கேட்டார். நான் சைவன்; கார் வைத்திருந்த குற்றத்துக்காக ஓட்டுநராகவும் ஆனேன். தேத்தண்ணியும் கோப்பியும் இல்லாத இலக்கியக் கூட்டத்தை அங்கேதான் முதன்முதலாகக் கண்டேன். இரண்டும் அவர்கள் மதத்தில் விலக்கு. எலுமிச்சைத் தண்ணியைக் குடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் இலக்கியம் கேட்பது லேசான காரியமில்லை.

அந்தக் கூட்டத்தில் பலர், மதத்துக்காக ஊரை விட்டு, சாமான் வண்டிகளைக் கையால் இழுத்துக்கொண்டு மேற்கே நடந்த தங்கள் முன்னோரைப் பற்றியே எழுதுவார்கள். ஒருநாள் ஒருவர், அக்காவின் கட்டுரைகள் நல்லவைதாம், ஆனால் அவற்றை மோர்மன் இலக்கியம் என்று சொல்லலாமா என்று இழுத்தார். அக்கா என்னைப் பார்த்து, "சொல்லுங்கோ தம்பி. அவையின்ர ஆக்கள் வண்டியை இழுத்துக்கொண்டு நடந்தவை. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வள்ளம் ஏறினனான். அவைக்கு வழி காட்டின கடவுள் எனக்கும் காட்டினவர்தானே?" என்றார். நான் அப்படியே சொன்னேன்.

எங்களுக்குள் வந்த மனத்தாங்கலையும் மறைக்காமல் எழுதவேண்டும். மோர்மன்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இறந்துபோனவரின் பெயரைத் தங்கள் ஆலயத்துக்குக் கொடுத்தால், உயிரோடிருக்கும் ஒருவர் அவருக்காக நின்று ஞானஸ்நானம் பெறுவார். பெரும்பாலும் சொந்தக்காரரின் பெயர்களைத்தான் கொடுப்பார்கள். அக்கா, கேட்பாரில்லாமல் செத்த எங்கள் சனங்களின் பெயர்களையும் விசாரித்து விசாரித்து எழுதினார். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை முன்கூட்டியே மொழிபெயர்க்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அதனால் அவர் தமிழில் வாசிக்க வாசிக்க, நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தேன். என் தொழிலில் ஒன்றையும் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஏழாவதோ எட்டாவதோ பெயராக அவர் வாசித்தது, 'சின்னத்துரை நேசன்'. என் தம்பி. கொழும்பில் லொட்ஜை விட்டு வெளியே போனவன் திரும்பவில்லை. செத்தானா இருக்கிறானா என்று இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. தொழில் பழக்கத்தில் அந்தப் பெயரை நானே செத்தவர்களோடு சேர்த்து ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. எழும்பி வெளியே போய் காருக்குள் இருந்தேன். கூட்டம் முடிந்ததும் அவரைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு நேரே வீட்டுக்கு வந்தேன்.

அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது, கோபத்தில் சொல்லிவிட்டேன். "என்ர பிள்ளையைச் சாகக் குடுக்க இவள் ஆர்?" என்று அம்மா ஒரு கிழமை சாப்பிடாமல் கிடந்தார்.

அடுத்த சனிக்கிழமை கொட்டும் பனியில் இரண்டு பஸ் மாறி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லும்வரை வாசலிலேயே நின்றார். "அம்மா, படத்துக்கு முன்னால விளக்கு எரிஞ்சதைக் கண்டிட்டு, நேசன் இல்லையெண்டு நினைச்சிட்டன். உங்களிட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்க வேணும். பிரம்ப்டன் ஆலயத்துக்குப் போய்ப் பேரைத் திருப்பி எடுத்துப்போட்டன். அவனுக்கு ஒண்டும் செய்யேல்லை."

"அது முருகனுக்கு வைச்ச விளக்கு. பிள்ளையின்ர படம் பக்கத்தில இருந்தது" என்றார் அம்மா. அதோடு படத்தை எடுத்துக்கொண்டுபோய் டிவிக்கு மேல் வைத்தார். இனி ஒருவரும் பிழையாக நினைக்கக்கூடாதாம்.

அந்தப் பிழையையும் அக்கா எழுதினார்; கூட்டத்தில் வாசித்தார்; நான்தான் மொழிபெயர்த்தேன். "விசாரிக்காமல் ஒரு தாயின் பிள்ளையைச் செத்தவனாக்கினேன்" என்பதே முதல் வசனம். அன்றைக்குத்தான் எனக்கு அவர்மீது மரியாதை முழுமையாக வந்தது.

மோர்மன்கள் மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம் இருப்பார்கள். அன்றிலிருந்து அக்கா அதை நேசன் திரும்பி வருவதற்காக இருந்தார். "வெள்ளிக்கிழமை விரதம் நான் பிடிக்கிறன், ஞாயிற்றுக்கிழமை நீ பிடி பிள்ளை" என்று அம்மாவே ஒப்பந்தம் போட்டார். ஞாயிறு பின்னேரம் அக்கா வந்தால் அவருக்கென்று மல்லித்தண்ணி தயாராக இருக்கும். நாலு வருடமாக ஒரு மாதமும் தவறவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவரை அடக்கம் செய்தோம். முன்வரிசையில், அன்று வள்ளத்தில் தூக்கிவந்த மகள் இருந்தாள். பேராசிரியரும் கூட்டத்தாரும் பின்வரிசையில் தலை குனிந்து இருந்தார்கள். அம்மா பெட்டியடிக்குப் போய், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளை, அங்க போய் என்ர பெடியனைத் தேடிப் பார். கண்டியெண்டால் கனவில வந்து சொல்லு. காணாட்டி வராத."

வீட்டுக்கு வந்ததும் அம்மா முருகன் விளக்குக்குப் பக்கத்தில் அக்காவின் படத்தை வைத்து மாலை போட்டார். நேசன் டிவிக்கு மேல்தான் இருக்கிறான். ஒவ்வொரு காலையும் அம்மா எழும்பிவந்து, "அவள் வரேல்லை" என்கிறார். இந்த ஒரு நல்ல சேதியில்தான் எங்கள் வீட்டில் இப்போது பொழுது விடிகிறது.

அக்கா, நாலு வருடம் எங்கள் கதவைத் தட்டினீர்கள். இனி வரவேண்டாம். ஆறுதலாகப் போங்கள்.