இன்ஜின் தாங்கும் பலகை

என் தம்பியின் சின்னப் படகில், இன்ஜின் மாட்டும் பின்பலகை தண்ணீர் ஊறி உளுத்துவிட்டது. அது நடுக்கடலில் பிய்ந்தால் இன்ஜினோடு இவனும் போவான். பிளைவுட் போடுவதா, தண்ணீர் குடிக்காத ஃபோம் பலகையா என்று சோறு இறங்காமல் அலைந்தான். இரண்டிலும் ஒரு துண்டு வாங்கி வாளியில் ஊறப்போட்டான். பிளைவுட்டின் ஓரம் உப்பியது.

“ஃபோம்தான் அக்கா, முடிவு பண்ணிட்டேன்.”

“படகை வாளியிலயா ஓட்டப் போறீங்க? போல்ட்டை முறுக்கிப் பாருங்க,” என்றாள் அவன் மனைவி.

முறுக்கினான். வாஷர் ஃபோமுக்குள் புதைந்தது, பிளைவுட் அசையவில்லை. பிளைவுட்டையே போட்டு, ஓரங்களையும் போல்ட் துளைகளையும் தண்ணீர் புகாத பிசினால் அடைத்தான்.

இன்றும் கடலுக்குப் போகுமுன் துளைகளைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறான். நான் கேலி செய்வதில்லை. நான் நர்ஸ்; படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் முதுகை நானும் தினமும் அப்படித்தான் அழுத்திப் பார்ப்பேன். மேல்தோல் நன்றாக இருக்கும்போதே உள்ளே புண் தொடங்கிவிடும்.