மேடம் வீட்டுக்காரரின் ஏழு பேர் நாடகம்

ராணுவக் குடியிருப்பின் மனைவியர் நலச் சங்க உறுப்பினர் படிவத்தில் 'கணவரின் பதவி' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அவர் 'நான்தான் கணவர்' என்று எழுதிக் கொடுத்தார். படைப்பிரிவுத் தளபதியின் மனைவிதான் சங்கத்தின் தலைவி. அந்த அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, படிவத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது மனைவியர் சங்கம் ஆச்சே?"

"தெரியும்மா. என் மனைவி வேலைக்குப் போயிட்டாங்க. நலம் எனக்குத்தான் தேவைப்படுது."

சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார் தலைவி. முப்பத்தெட்டுப் பெண்களுக்கு நடுவே ஒரே மீசையாக அவர் அந்தச் சங்கத்தில் நுழைந்த கதை இதுதான்.

குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் 'மேடம் வீட்டுக்காரர்'. மேடம் தகவல் தொடர்புப் பிரிவில் மேஜர். கல்லூரியில் பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அப்போது மேடம் வீட்டுக்காரருக்கு வேறொரு பட்டம் இருந்தது: நாடக ஆசிரியர். நகரத்தில் மூன்று நாடகங்கள் போட்டிருந்தார். மூன்றாவதற்கு முப்பத்தொரு பேர் வந்தார்கள், அரங்கக் காவலாளியையும் சேர்த்து. ஒரு பத்திரிகை நான்கு வரி எழுதியது. அதில் ஒரு வரி அரங்கத்தின் மின்விசிறி பற்றியது. அந்தத் துண்டுக் காகிதத்தை லேமினேட் செய்து, போகிற ஊருக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போனார்.

கல்யாணத்தின்போது நண்பர்களிடம் வீறாப்பாகச் சொன்னார்: "எனக்கென்னப்பா, எந்த ஊருக்குப் போனாலும் எழுதலாம். பேனா என்ன கனக்கவா போகுது?"

பேனா கனக்கவில்லை. ஆனால் நாடகத்துக்கு ஆள் வேண்டும் என்பதை அன்று மறந்துவிட்டார். ஒன்பது வருடத்தில் ஐந்து ஊர் மாறியாயிற்று. ஒவ்வொரு ஊரிலும் நாடகம் தொடங்குவார். முடிப்பதற்குள் மாற்றல் ஆர்டர் வந்துவிடும். மூன்றாவது ஊரில் விளையாட்டுப் போட்டிக்கு ஒலிபெருக்கி அறிவிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். நான்காவது ஊரில் மோப்ப நாய் ஒன்றுக்குப் பணி ஓய்வு விழா. வழியனுப்பு உரை இவர் எழுதியது. கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆனது, நாயே கண்கலங்கியது என்றார்கள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நாய்க்கு வயதாகிவிட்டதால் இரண்டு வருடமாகவே கண்ணில் நீர் வடிகிறது என்று கால்நடை மருத்துவர் சொன்னது மறுநாள்தான். "என் எழுத்துக்கு உருகின ஒரே ரசிகன், அதுக்கும் கண்ணுல கோளாறு" என்று இதை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

ஆறாவது ஊரில் ஒரு முடிவோடு இறங்கினார். மனைவியர் சங்கத்தில் சேர்ந்து அங்கேயே ஆள் பிடிப்பது. எழுதி வைத்திருந்த நாடகம் பெருந்துயரம். அப்பா இறந்த வீடு, சொத்துத் தகராறு, வீட்டின் நடுவே சுவர். அம்மா, நான்கு பிள்ளைகள், வக்கீல், வேலைக்காரம்மா என்று மொத்தம் ஏழு பேர். செவ்வாயும் வெள்ளியும் மூன்று மணிக்கு, உள்ளரங்க ஷட்டில் மைதானத்தை ஒட்டிய சாமான் அறையில் ஒத்திகை. கிழிந்த வலைகளுக்கும் காற்றுப் போன பந்துகளுக்கும் நடுவே நின்று, காற்புள்ளிக்கு எவ்வளவு நேரம், முற்றுப்புள்ளிக்கு எவ்வளவு நேரம் என்று பாடம் எடுத்தார். அறையைக் கொடுத்த உரிமையில் தலைவி அம்மா வேடத்தை எடுத்துக்கொண்டார். இளைய மகன் ஆசிரியரே. வேலைக்காரம்மாவாக வந்தவர் ஸ்டோர் அக்கா.

ஸ்டோர் அக்காவின் கணவர் படைப்பிரிவின் ஸ்டோர் பொறுப்பாளர். அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். குரல் மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கும். இருந்ததே நான்கு வசனம். நான்கையும் ஒரு நாள்கூட எழுதியபடி சொன்னதில்லை.

"சார், மொத்தத்துல என்ன சொல்லணும்னு சொல்லுங்க. நான் சொல்லிடறேன்."

"அக்கா, மொத்தத்துல இல்ல. ஒவ்வொரு வார்த்தையும் யோசிச்சு எழுதினது."

"யாரு யோசிச்சது?"

"நான்தான்."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு இல்ல? போதும் சார்."

மூன்றாவது வாரம் வக்கீலம்மா பிரதியைத் திருப்பிக் கொண்டுவந்தார். "மன்னிச்சிடுங்க சார், ஆர்டர் வந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை கிளம்பறோம்." இவர் இரண்டு நாள் உட்கார்ந்து வக்கீலை ஒரு கடிதமாக மாற்றினார். அடுத்து மூத்த மகன் வேடம் கட்டிய உயரமான அம்மா போனார். மூத்த மகன் வெளிநாட்டுக்குப் போனதாக எழுதினார். ஒரு மகள் பிரசவத்துக்குப் போக, இரண்டு மகள்களை ஒருத்தியாகப் பிசைந்தார். கடைசியில் தளபதிக்கே பதவி உயர்வு வந்தது. தலைவி இரண்டே நாளில் கிளம்பினார். கதையில் அம்மா பக்கத்து அறையில் படுத்த படுக்கையானார். மேடைக்கு இருமல் மட்டும் கேட்கும். இருமுவது ஆசிரியரே.

மிச்சம் மூன்று பேர்: மகள், இளைய மகன், வேலைக்காரம்மா. ஆனாலும் அவர் தளரவில்லை. "குறையக் குறைய அடர்த்தி கூடுது" என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

நாடகத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஒரு மாலை மேஜர் வீட்டுக்கு வந்து, பூட்ஸைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஆர்டரா?"

"பத்து நாள்ல கிளம்பணும்."

"நாடகம் பன்னெண்டாவது நாள்."

"சரி, எதிரிக்கு லெட்டர் போட்டு ரெண்டு நாள் பொறுத்துக்கச் சொல்லட்டுமா?"

இவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாப்பாடு வேண்டாம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேஜர் குளிக்கப் போன நேரம் பார்த்து இரண்டு பாக்கெட் பிஸ்கட்டைக் காலி செய்தார்.

நாடகத்தை ஒரு வாரம் முன்னதாக, சனிக்கிழமை நாலு மணிக்கு இழுத்து வைத்தார்கள். அன்று காலை மகளுக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. ஆக, ஏழு பேர் நாடகத்துக்கு மேடையில் இரண்டு பேர்: இளைய மகனாக அவர், வேலைக்காரம்மாவாக ஸ்டோர் அக்கா. பொழுதுபோக்குக் கூடத்தில் அறுபது நாற்காலியும் நிறைந்திருந்தது. அது அவர் வாழ்க்கையிலேயே பெரிய கூட்டம்.

திரை விலகியது. இளைய மகன் நெஞ்சில் கை வைத்து, "அண்ணன் எங்கே?" என்றான். அதற்குப் பதில், 'பெரியவர் கடல் கடந்து போய்விட்டார் ஐயா, கடிதம் மட்டுமே வந்திருக்கிறது' என்பது. ஸ்டோர் அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"அண்ணனா? ஆர்டர் வந்துடுச்சு தம்பி. ஞாயித்துக்கிழமையே கிளம்பிட்டாரு."

கூடம் குபீரென்று சிரித்தது. இவருக்கு ரத்தம் தலைக்கேறியது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வசனத்துக்குத் தாவினார். "அக்காவாவது இருக்கிறாளா?"

"அதுவும் போயாச்சு. வாஷிங் மெஷினை எடுத்துக்கிட்டு, அதோட குழாயை இங்கயே விட்டுட்டுப் போயிருக்கு. போன் பண்ணி அழுவுது."

முன் வரிசையில் ஒரு அம்மா, "என் குழாயும்தான்!" என்று கத்தினார். கூடம் அதிர்ந்தது. இனி விட்டால் கைமீறிவிடும் என்று, இவர் தன் மூன்று பக்கத் தனிப்பேச்சைத் தொடங்கிவிட்டார். சுவரைப் பற்றிய பேச்சு. அழ வேண்டிய இடம். அறுபது பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். இரண்டாம் பக்கத்தில் வசனம் சுத்தமாக மறந்துபோனது. வேறு வழியில்லாமல் ஸ்டோர் அக்கா பக்கம் குனிந்து, "எங்க விட்டேன்?" என்று கிசுகிசுத்தார்.

அக்கா முழுக் குரலில் கேட்டார்: "எந்த ஊர்ல தம்பி?"

சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. அடங்கிய பிறகு அக்கா முக்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். அதுவும் பிரதியில் இல்லை. "சரி, நீங்க எப்பக் கிளம்பறீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். அது இளைய மகனுக்கான கேள்வி இல்லை என்று இவருக்குத் தெரிந்தது.

"அடுத்த வியாழக்கிழமை."

ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்த சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்து அறையிலிருந்து அம்மா இரும வேண்டிய இடம் அது. இரும வேண்டியவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். திரையை மூடிவிட்டார்கள்.

வீட்டில் பாதி கட்டிய அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்தார்.

"என் துயர நாடகத்தைக் கூத்தடிச்சுட்டாங்க."

மேஜர் டேப் ஒட்டுவதை நிறுத்தவில்லை. "நீ சொத்துத் தகராறு பாத்திருக்கியா?"

"இல்ல."

"வக்கீல் யாரையாவது தெரியுமா?"

"அந்தம்மா வேஷம் கட்டினதுதான்."

"ஒம்பது வருஷமா வாடகைச் சுவத்துல ஆணி அடிக்கவே நமக்கு அனுமதி கிடையாது. உனக்கு எதுக்கு அந்தச் சுவரு? உனக்கு நல்லாத் தெரிஞ்சதை அந்த அக்கா பேசிட்டாங்க. அவ்வளவுதான்."

மேஜர் சொன்னது சரி என்பதால் இன்னும் ஒரு மணி நேரம் கோபமாக இருந்தார்.

மறுநாள் வெட்கத்தை விட்டு ஸ்டோர் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் நோட்டு, பேனா. "நேத்து சொன்னதையெல்லாம் இன்னொரு தடவை சொல்லுங்க அக்கா, எழுதிக்கறேன்."

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு? வாயில வந்தது சார்."

வீடு வீடாகப் போய்ப் பார்த்தவர்களிடம் கேட்டார். அவர்கள் நாடகத்தை விட்டுவிட்டுத் தங்கள் கதையைச் சொன்னார்கள்: ஆறு பள்ளிச் சீருடை வாங்கிய பிள்ளை, அளவு பொருந்தாத திரைச்சீலைகள், எந்த ஊரிலோ தொலைந்த ஒற்றைச் செருப்பு. பேச அவர்களுக்கு யாரும் காற்புள்ளி சொல்லித் தரவில்லை. கிளம்புவதற்குள் நோட்டு நிறைந்துவிட்டது.

ஏழாவது ஊரில் அவர் எழுதிய நாடகத்தில் எந்த வேடமும் இரண்டு பக்கத்தைத் தாண்டாது. ஒவ்வொருவருக்கும் இரண்டு வேடம் தெரியும். யாருக்கு எந்த நாள் ஆர்டர் வந்தாலும், அன்றைக்கு மேடையில் அவரை வழியனுப்பிவிட்டுக் கதை மேலே போகும். இதற்குக் 'கழற்றி மாட்டும் நாடகம்' என்று பெயர் வைத்து, ஏதோ உலகத்தில் இல்லாததைக் கண்டுபிடித்தவர் மாதிரி ஒரு மாதம் அலட்டினார். இரண்டு வருடத்தில் நான்கு முறை போட்டாயிற்று. பத்திரிகையில் ஒரு வரி வரவில்லை, மின்விசிறி பற்றிக்கூட. அலட்டல் தாங்காத மேஜர், மூன்றாவது முறை தானே ஒரு வேடம் கேட்டு வாங்கி, கணவரைவிட அதிகமாகக் கைதட்டல் வாங்கினார்.

ஸ்டோர் அக்காவுக்கும் வேறு ஊர் மாறிவிட்டது. இவர் தபாலில் அனுப்பிய பிரதியை வைத்துக்கொண்டு அங்கே அவரும் இதே நாடகத்தைப் போடுகிறார் என்று காதுக்கு வந்தது. அதில் அக்காவின் கணவர் ஓர் அலமாரியாக நிற்கிறாராம். இவர் உடனே போன் போட்டார்.

"என் நாடகத்துல அலமாரி கிடையாதே அக்கா?"

"இப்ப இருக்கு சார்."

"என்னைக் கேக்கணும்னு தோணலையா?"

"கேட்டா வேண்டாம்பீங்க."

உண்மைதான். போனை மறு காதுக்கு மாற்றினார். "வசனம் ஏதாவது உண்டா அதுக்கு?"

"அலமாரிக்கு என்ன சார் வசனம்? எல்லாரும் கிளம்பின பிறகு ஒரு தடவை தானாத் திறக்கும். உள்ள ஒண்ணும் இருக்காது."

போனை வைத்த பிறகு இரண்டு நாள் அவருக்குப் பொறாமையில் எதுவும் ஓடவில்லை. மூன்றாம் நாள் தன் பிரதியில் அலமாரியைச் சேர்த்தார்.